பச்சை மணக்கும் பூ சென்ட்: இருபது நிமிடத்தில் போய்விடுகிறதா?

ஜூலை 13 (பாறசாலையிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி)

அக்கா, அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது ஒரு சென்ட் கொண்டுவந்தான். அடித்ததும் புல் வெட்டின மாதிரி, பூக்காம்பை ஒடித்த மாதிரி அருமையாக இருக்கிறது. இருபது நிமிடத்தில் ஒன்றுமே இல்லை. பச்சை வாசனை வரும் பூ சென்ட் எல்லாமே இப்படித்தானா? அல்லது நம்ம ஊர் வெக்கைக்கு ஆகாதா? இதற்குப் பேசாமல் தோவாளைப் பிச்சி ஒரு முழம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி வரைக்கும் மணக்கும்.

ஜூலை 14, இரவு

இருபது நிமிடம் என்று சரியாகத்தான் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். மஸ்கட்டிலிருந்து மைனி (அண்ணி) கொண்டுவந்த அதே ரகம் என்னிடமும் ஒன்று இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அடித்தால், நாகர்கோவில் பஸ் வருவதற்குள் எனக்கு அது போய்விடும்.

உங்கள் பாட்டிலில் குறை ஒன்றும் இல்லை. ஒரு சென்டில் இருக்கும் எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் பறப்பதில்லை. எலுமிச்சை, வெட்டிய புல், பச்சைக் காம்பு போன்றவை மிக லேசானவை, முதலில் பறந்துவிடும். பூ வாசனை அதற்குப் பின்னால் வரும். மரம், பிசின், கஸ்தூரி எல்லாம் கடைசிவரை ஒட்டிக்கொண்டு கிடக்கும். பச்சையை நம்பி வாங்குகிறவர்களுக்கு அந்த முதல் கால்மணி நேரம்தான் உயிர். நம் வெக்கையில் அது இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். இந்த ரகம் குளிர்நாட்டுக்காரர்களுக்குத்தான் லாயக்கு என்பது என் முடிவு.

ஜூலை 15

ஒன்று விட்டுப்போயிற்று. ‘புல் வெட்டின மாதிரி’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாசனை புல்லில் சும்மா இருப்பதில்லை. இலை கிழிபடும்போது, அல்லது பூச்சி கடிக்கும்போது, உள்ளே இருக்கும் கொழுப்பு அமிலம் உடைந்து அந்த நொடியில்தான் அது உண்டாகிறது. அதில் முக்கியமான ஒன்று சிஸ்-3-ஹெக்செனால். சென்ட் செய்பவர்கள் அதை ‘இலை ஆல்கஹால்’ என்றே சொல்வார்கள். முருங்கைக்கீரையை உருவும்போது கையில் வருகிறதே, அந்தப் பச்சைதான்.

ஜூலை 19, சனி

பிச்சியை இந்த சென்டுக்கு எதிராக நிறுத்தினீர்கள் அல்லவா, அது மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பூக்கடை வீட்டுப் பெண். அப்பாவுக்குத் தோவாளைச் சந்தையில் சின்னக் கடை இருந்தது. இன்று விடியற்காலை நாலரைக்கு சந்தைக்குப் போய்வந்தேன், சென்ட் அடித்த கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டு.

போனதும் முதலில் பிச்சி மொட்டைத்தான் கையில் எடுத்தேன். வெள்ளை மொட்டு, முதுகில் மட்டும் லேசான ரோஸ் நிறம், காம்பு குழல்போல் நீளம். மூக்கருகே கொண்டுபோனால் பூவின் மணம் அநேகமாக இல்லை. ஈரமும் பச்சையும்தான். குழலை நகத்தால் கிள்ளினேன். கிள்ளின இடத்திலிருந்து வந்தது கைக்குட்டையில் இருந்த அதே வாசனை. இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் அரளி குவித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, “என்ன மக்கா, பூவுல எதும் கேடா?” என்று கேட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். இந்த சென்ட் பிச்சியைப் போல மணக்க வரவில்லை, விடியற்காலை நாலரை மணிச் சந்தையைப் போல மணக்க வருகிறது. தண்ணீரில் ஊறின வாழைநார், மரிக்கொழுந்துக் கட்டு, மிதிபட்ட துளசி, சாக்குக்குள் புழுங்கும் கேந்தியின் காம்பு, தரையில் சிதறின மொட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. அங்கே பூ இன்னும் பூவாகவில்லை. பூவைச் சுற்றியிருக்கும் மற்றதெல்லாம் மணக்கிறது.

வரும் வழியில் நொச்சி இலையையும் கசக்கிப் பார்த்தேன். தோவாளை மாணிக்கமாலையில் வெள்ளை அரளியோடும் சிவப்பு அரளியோடும் பச்சைக்கு நொச்சி இலையை மடித்துவைத்துக் கட்டுவார்கள். போன வாரம் வரை அது நிறத்துக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். மாலையை மூக்கருகே வைத்துப் பாருங்கள். அரளியில் வாசம் கிடையாது என்றே சொல்லலாம், மணப்பது நொச்சிதான். மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் அதன் பாய்ப்பின்னல் அழகைத்தான் பேசினார்கள். அந்த இலையின் மணத்தைப் பற்றியும் யாராவது பேசியிருக்கலாம்.

ஜூலை 20

சென்டில் அந்தக் காம்பு வாசனையைக் கொண்டுவருவது எது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். பல பாட்டில்களில் அது கால்பனம். ஈரானில் விளையும் ஒரு செடியின் பால் உறைந்து வரும் பிசின். நமக்கு அது அந்நியமே இல்லை. பெருங்காயமும் கால்பனமும் ஃபெருலா என்ற ஒரே பேரினத்துச் செடிகளின் பிசின்தான், அக்கா தங்கை மாதிரி. ஒன்று சாம்பாருக்கு வந்தது, மற்றது பாரிசுக்குப் போனது.

1947-இல் பால்மேன் நிறுவனத்துக்காக ஜெர்மேன் செலியே என்ற பெண்மணி ‘வாந் வேர்’ என்ற சென்டில் கால்பனத்தைத் தாராளமாகப் போட்டார். பெயருக்குப் பொருள் பச்சைக் காற்று. பச்சை வாசனை என்று ஒரு தனி வகை நிலைத்ததற்கு அந்தப் பாட்டில் ஒரு பெரிய காரணம். அப்புறம் 1970-இல் ஆன்ரி ரொபேர் செய்த ஷானல் நம்பர் 19. நிறுவனத்தைத் தொடங்கிய கோகோ ஷானல் அம்மா பிறந்த தேதி ஆகஸ்ட் 19 என்பதால் அந்த எண். அதிலும் தொடக்கத்தில் கால்பனம்தான், பின்னால் ஐரிஸ் கிழங்கின் பவுடர் மணம். மைனியிடம் ஒரு சின்ன சாம்பிள் இருந்தது. அடித்த முதல் நிமிடம் குடைமிளகாயை இரண்டாக வெட்டி மூக்கில் வைத்த மாதிரி இருந்தது. தேடிப் படித்தபோது சிரிப்பு வந்தது: கால்பனத்திலும் குடைமிளகாயிலும் ஒரே பைரசின் பொருள் இருக்கிறது. லட்சம் கோடி பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு கலந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடுமாம்.

ஆகவே அதை முகர்ந்த என் அம்மை “இதென்ன கறிக்கு அரிஞ்ச மணம்?” என்று கேட்டது முழுக்க நியாயம்.

ஜூலை 27, ஞாயிறு

ஜூலை 14-இல் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இன்று காலை எட்டு மணிக்கு மைனி தந்த பச்சை சென்டை இரண்டு தடவை அடித்தேன், கழுத்தில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று. எட்டரைக்கு மணம் போய்விட்டது. சரி, வழக்கம்தானே என்று மீன் வாங்க வடசேரி போனேன். பதினோரு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அடுக்களையிலிருந்து அம்மை தலையை நீட்டி, “வந்துட்டியா? உன் மணம் முன்னாடியே வந்துட்டு” என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. “அது எட்டரைக்கே போயாச்சே அம்மை” என்றேன். “போச்சுன்னு யாரு சொன்னா? கட்டில்ல நிக்குது, கதவுத் திரையில நிக்குது. நீ போன பிறவும் வீட்டுல இருந்துது. புல்லு மணமில்ல இப்ப, முல்லை மாதிரி.”

திரையைப் பிடித்து முகர்ந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. மாடிக்குப் போய்க் காற்றில் கால்மணி நேரம் நின்றுவிட்டு வந்து மறுபடி முகர்ந்தேன். இருந்தது. தேயிலையும் முல்லையும் கலந்த மாதிரி மெலிசாக, ஆனால் திரை முழுக்க.

போனது என் மூக்குதான். ஒரே வாசனைக்குள் இருந்தால் மூளை அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. அப்பா இதை முப்பது வருஷம் வாழ்ந்தார். கடையில் உட்கார்ந்திருந்த மனிதருக்குப் பூ மணமே தெரியாது. மத்தியானம் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பச் சந்தைக்குள் நுழையும் அந்த ஒரு கணத்தில் மட்டும் தெரியும் என்பார். சின்ன வயதில் அதை ஒரு வருத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

இந்த ரக சென்டுகளில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. பச்சைக்கு அடியில் பெரும்பாலும் ஹெடியோன் என்ற பொருள் நிறைய இருக்கும். மல்லிகையை ஆராயும்போது கிடைத்த மூலக்கூறு அது. 1966-இல் எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா என்ற சென்ட் கலைஞர் அதை டியோரின் ‘ஓ சோவாஜ்’ சென்டில் போட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மூக்கை அழுத்தி முகர்ந்தால் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். தள்ளி நிற்பவருக்குக் காற்றோடு சேர்ந்து போய்ச் சேரும். போட்டவருக்கு இல்லை, பார்த்தவருக்கு உண்டு. சில கஸ்தூரி வகைகள் சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது என்பதும் உண்மை. ஆகவே இரண்டு பேர் ஒரே பாட்டிலைப் பற்றிச் சண்டை போட்டால் இரண்டு பேரும் சரியாகச் சொல்லலாம்.

ஜூலை 28

பாறசாலைத் தங்கச்சிக்கு: மணிக்கட்டில் மூக்கை வைத்து வைத்துப் பார்க்காதீர்கள். அடித்துவிட்டு மறந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே இருந்து வருகிற யாரிடமாவது கேளுங்கள். உங்கள் பக்கத்திலேயே இருக்கும் அம்மாவிடம் கேட்டால் அவர் மூக்கும் பழகியிருக்கலாம்.

ஆகஸ்ட் 3

காற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. எனக்கு வாரத்தில் இரண்டு நாள் திருவனந்தபுரத்தில் கணக்கு வேலை. நேற்று அதற்கு மாறாகக் கிழக்கே, வள்ளியூரில் ஒரு கல்யாணம். அதனால் ஒரே வாரத்தில் இரண்டு திசையும் போய்வந்தாயிற்று, ஒரே சென்டோடு.

கிழக்கே ஆரல்வாய்மொழி தாண்டினால் முப்பந்தல். காற்றாலைகள் ஓயாமல் சுற்றும் ஆடிக் காற்று. பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பச்சை அங்கேயே பறிபோயிற்று, முழு உண்மை. அது மூக்குப் பழக்கம் இல்லை. கல்யாண வீட்டில் இறங்கியபோது சித்தி பெண்ணிடம் கேட்டேன், அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த காற்றும் காய்ந்த தோலும் சேர்ந்தால் எதுவும் நிற்காது.

மேற்கே களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, அப்புறம் நகரம். காற்றில் ஈரம், தோலில் கசகசப்பு. தம்பானூரில் இறங்கும்போது மணம் அப்படியே இருந்தது. அடித்ததை விடக் கொஞ்சம் இனிப்பாகக்கூட மாறியிருந்தது.

ஆகவே ‘நம் வெக்கைக்கு ஆகாது’ என்று நான் எழுதியதும் தப்பு. ஒரு பஸ் தூரத்துக்குள் நமக்கு இரண்டு வெக்கை இருக்கிறது. இப்போதெல்லாம் கிழக்கே போகும் நாளில் குளித்த ஈரத்தோடு கழுத்தில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி அதன்மேல் அடிக்கிறேன். எண்ணெய் பிடித்து வைக்கிறது. தேங்காய் மணம் பச்சையோடு சண்டை போடவில்லை, இளநீர் வெட்டின மாதிரி ஒன்றாகிவிடுகிறது.

ஆகஸ்ட் 10

திருவனந்தபுரத்தில் கூட வேலை பார்க்கும் சேச்சி ஒருத்தி ஒரு சாம்பிள் குப்பி தந்தாள்: எர்மெஸ் நிறுவனத்தின் ‘ஆன் ழார்தான் அப்ரே லா மூஸோன்’. மழைக்குப் பின் ஒரு தோட்டம் என்று பொருள். 2008-இல் ழான்-குளோத் எலெனா கேரளத்து மழைக்காலத்தை மனதில் வைத்துச் செய்தது. இதைக் கேட்டதும் என் மூக்கு முதலிலேயே ஒரு முடிவோடு போய்விட்டது. பாக்குமர ஈரம், பாசி, கொல்லையில் விழுந்த பலா எல்லாம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

வந்தது ஏலக்காய்த் தோல், இஞ்சி, கொத்தமல்லி. அதன் அடியில் வெள்ளரிப்பழம். உப்புப் போடாமல் சர்க்கரை தூவிச் சாப்பிடும் பழுத்த வெள்ளரி, அப்படியே. பத்து நிமிடம் பிடிக்கவில்லை. ‘இது எந்த ஊர் மழை?’ என்று எனக்குள் கோபம்கூட வந்தது. அன்று மாலை உண்மையாகவே மழை பெய்தது. சாலைக் கடைத்தெருவில் மசாலாக் கடைத் திண்ணையில் ஒதுங்கி நின்றோம். உள்ளே ஏலக்காய் மூட்டை, வெளியே ஈரச் சாக்கு, பக்கத்துப் பழக்கடையில் வெட்டி வைத்த வெள்ளரி. சேச்சி என் கையைத் தூக்கி முகர்ந்துவிட்டு, “ஈ மழ தன்னே” என்றாள். அந்தத் திண்ணையில் நிற்கும்போது எனக்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. அவர் காட்டை வரையவில்லை, கடைத்தெரு மழையை வரைந்திருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

அவருடைய இன்னொன்று, 2005-இல் வந்த நைல் நதித் தோட்டம், பச்சை மாங்காய் மணத்திலிருந்து பிறந்ததாம். அஸ்வானில் நதி ஓரத்து மாமரங்களைப் பார்த்து எடுத்த யோசனை. மாங்காய் காம்பை ஒடித்தால் பால் தெறிக்குமே, அந்த நொடி. அது யாரிடமாவது இருந்தால் ஒரு சொட்டு முகர வேண்டும் என்று ஆசை.

ஆகஸ்ட் 11

மரிக்கொழுந்தைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், சென்ட் உலகத்தில் ‘தவனா’ என்று சொல்வது அதன் எண்ணெயைத்தான். பச்சையாகத் தொடங்கிப் பழரசம் மாதிரி முடியும். மாலையில் அதைச் சொருகுவது அழகுக்கு மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 17

‘நம்ம பிச்சியிலிருந்தே எண்ணெய் எடுத்து சென்ட் செய்தால் இவ்வளவு கஷ்டம் ஏன்?’ என்று ஒருவர். எடுக்கிறார்கள். தமிழ்நாட்டு மல்லிகையும் பிச்சியும் உலகத்து சென்ட் கம்பெனிகளுக்குப் போகின்றன. பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஓட்டிவிட்டால் மெழுகு போல ஒன்று நிற்கும். அதைக் கான்கிரீட் என்பார்கள். ஆயிரம் கிலோ பிச்சிக்கு ஏறத்தாழ இரண்டரை மூன்று கிலோதான் கிடைக்கும். அதை ஆல்கஹாலில் கழுவினால் அதில் பாதி அளவுக்குக் கிடைக்கும் மணச் சாறுதான் அப்சல்யூட்.

ஆனால் அந்த அப்சல்யூட் விடியற்காலை மொட்டு மாதிரி மணக்காது. அது ராத்திரி பதினோரு மணிப் பூ. கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்து, கொண்டை சரிந்து, பூ பழுக்க ஆரம்பிக்கும் நேரம். அதில் இருக்கும் இண்டோல் என்ற பொருள்தான் அந்தக் கனத்தைத் தருகிறது. அதுவே அதிகமானால் அழுகல் பக்கம் போய்விடும். பச்சை வேண்டும் என்றால் இலை ஆல்கஹால், கால்பனம், ஹெடியோன் என்று வெளியிலிருந்து சேர்த்துத்தான் கட்ட வேண்டும். எண்ணெயே எடுக்க வராத பூவும் உண்டு. ஐரோப்பாவில் மே மாதம் பூக்கும் மணிப்பூ ஒன்று, மியூகே. அதை ரூட்னிட்ஸ்கா 1956-இல் ‘டியோரிசிமோ’வில் வேறு பொருள்களைச் சேர்த்தே கட்டினார். அந்த மாதிரிப் பூக்களுக்கு உபயோகித்த லிலியால் என்ற பொருளை 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. அதனால் ‘அந்தக் காலத்து சென்ட் மாதிரி இப்போது இல்லை’ என்று பெரியவர்கள் சொன்னால் அது வெறும் ஏக்கம் இல்லை, பொருளே மாறியிருக்கலாம்.

ஆகஸ்ட் 18

ஜூலை 27-க்கு ஒரு பின்குறிப்பு, எல்லாரும் கவனிக்க வேண்டியது. நமக்குத் தெரியவில்லை என்று மறுபடி மறுபடி அடிக்கிறோம் அல்லவா? நானும் ஜூலை முழுக்க வேலைக்கு இடையில் இரண்டு தடவை அடித்திருக்கிறேன். போன வாரம்தான் சேச்சி தயங்கித் தயங்கிச் சொன்னாள், அவளுக்கு அதனால் தலைவலி, இரண்டு நாள் வேறு மேசையில் உட்கார்ந்தாளாம். மன்னிப்புக் கேட்டேன். இப்போது காலையில் இரண்டு தடவை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 30

ஓணத்துக்கு அத்தம் பிறந்து நாலு நாள். தோவாளைச் சந்தையில் நிற்க இடமில்லை. ஓசூர்ச் சாமந்தி, கேந்தி, வாடாமல்லி எல்லாம் மலைபோல் வந்து இறங்க இறங்க எல்லை தாண்டிப் போகின்றன. அத்தப்பூக்களத்துக்கு நிறம் முக்கியம், மணம் யாருக்கும் வேண்டாம். பிச்சி ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

நான் கால் கிலோ வாங்கினேன், ஒரு சோதனைக்கு. விடியற்காலை ஐந்துக்கு மொட்டு, பச்சை மட்டும். மத்தியானம் ஈரத்துணியில் சுருட்டி வைத்தது இன்னும் மூடித்தான் இருந்தது, கொஞ்சம் இனிப்பு எட்டிப் பார்த்தது. மாலை ஆறரைக்கு அம்மை திண்ணையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் விரலுக்குள்ளேயே ஒன்றிரண்டு விரிந்தன. ஏழுக்கு வீடு முழுக்க மணம். பச்சை எங்கும் இல்லை. காலையில் பார்த்தபோது சாமி படத்தில் பழுப்பேறி, கனமாக, தேனும் அழுகலும் கலந்த மணத்தோடு தொங்கியது.

தங்கச்சி, நீங்கள் பிச்சி ராத்திரி வரை மணக்கும் என்றீர்கள். ராத்திரி மணப்பது காலையில் மொட்டில் இருந்த மணம் இல்லை. பிச்சிக்கும் பச்சை முதலில் போய்விடுகிறது, அப்புறம்தான் பூ வருகிறது. உங்கள் சென்டும் அதே வரிசையில்தான் போகிறது. பதினான்கு மணி நேரத்தில் பிச்சி செய்வதை அது ஒரு காலைக்குள் செய்துவிடுகிறது. நாம் மொட்டு போனதற்கு அழுதுகொண்டு பூ வந்ததைக் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 2

பாட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவே மறந்தேன். ஜன்னல் ஓரம் வேண்டாம், குளியலறை வேண்டாம், ஸ்கூட்டர் பெட்டி வேண்டவே வேண்டாம். சூட்டில் முதலில் கெடுவது அந்தப் பச்சைதான். பீரோவில் துணிக்குள் வையுங்கள்.

செப்டம்பர் 4, உத்திராடம்

பாறசாலையிலிருந்து பதில் வந்துவிட்டது. குளித்த ஈரத்தில் எண்ணெய் தடவி அடித்தாராம். மூன்று மணி நேரம் கழித்து, வெளியே போய்வந்த அண்ணன் வாசலிலேயே நின்று, “வீட்டில் யார் முல்லை வாங்கினது?” என்று கேட்டிருக்கிறான். வாங்கிக் கொடுத்தவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

இங்கே அம்மை நாளைக்கு உடுத்த வேண்டிய செட்டுமுண்டை மடித்துக்கொண்டிருக்கிறாள். சென்ட் என்றாலே முகம் சுளிக்கிறவள், சற்று முன் பாட்டிலைக் கேட்டாள். முந்தியில் ஒரே ஒரு தடவை அடித்துக்கொண்டு, முகர்ந்து பார்க்காமல் மடித்து வைத்துவிட்டாள். “நாளைக்கு நீ சொல்லு, இருக்கா இல்லியான்னு” என்றாள்.